புரோசவானா: மூன்று கண்டங்கள் பேசிய பேச்சில் நிலத்துக்காரர் எங்கே போனார்?

செம்பரிதி எழுதியது:

2009 செப்டம்பரில் ஜப்பான், பிரேசில், மொசாம்பிக் மூன்றும் மொசாம்பிக் தலைநகர் மாபூட்டோவில் புரோசவானா என்ற வேளாண் திட்டத்துக்கு ஓர் ஒப்பந்தம் செய்துகொண்டன. 2020 ஜூலையில் அந்தத் திட்டம் ஆரவாரம் எதுவும் இல்லாமல் முடித்துவைக்கப்பட்டது. வெகுதூரத்து நாடுகள் கூடிப் பேசி ஒத்துழைப்பதைப் பற்றிப் பேச்சு வரும்போதெல்லாம் எனக்கு இந்தக் கதைதான் நினைவுக்கு வருகிறது. தமிழில் விரிவாக எழுதி நான் பார்த்ததில்லை. ஆகவே இங்கே தொடங்குகிறேன்.

கதையின் வேர் 1973 இல் இருக்கிறது. அந்த ஜூனில் அமெரிக்கா சோயா ஏற்றுமதிக்குத் தடை போட்டது. உள்நாட்டு விலை ஏறிவிட்டது என்பது நிக்சன் அரசின் காரணம். தடை சில மாதங்களில் நீங்கிவிட்டது. ஆனால் ஜப்பானுக்கு வயிறு கலங்கிவிட்டது. தோஃபு, மிசோ, சோயா சாஸ் என்று நாள் முழுவதும் சோயாவை உண்ணும் நாடு, தன் தேவையின் பெரும்பகுதியை ஒரே நாட்டிடம் வாங்கிக்கொண்டிருந்தது. அடுத்த ஆண்டே பிரதமர் தனாகா பிரேசிலுக்குப் போனார்.

அங்கே செராடோ என்றொரு நிலப்பரப்பு. ஏறத்தாழ 20 கோடி ஹெக்டேர். புல்வெளியும், முறுக்கிக்கொண்டு நிற்கும் குட்டை மரங்களுமாக இருக்கும். விவசாயத்துக்கு ஆகாது என்று ஒதுக்கப்பட்ட மண். ஜப்பான் பணம், பிரேசில் ஆராய்ச்சி, தெற்கிலிருந்து குடியேறிய விவசாயிகள் என்று மூன்றும் சேர்ந்து 1979 முதல் 2001 வரை புரோடெசர் என்ற திட்டம் நடந்தது. அது மட்டுமே காரணமில்லை என்றாலும், அந்த மண்ணில் சோயா விளைந்ததால்தான் பிரேசில் இன்று உலகின் முதல் சோயா நாடு. கூடவே, செராடோவின் இயற்கைத் தாவரப் பரப்பில் பாதியளவு போய்விட்டது. அந்தப் பக்கத்தை வெற்றிக் கதை சொல்பவர்கள் வேகமாகத் தாண்டிவிடுவார்கள்.

2009 ஜூலையில் இத்தாலியின் லாக்விலாவில் ஜி-8 கூட்டம். அங்கே பிரேசில் அதிபர் லூலாவும் ஜப்பான் பிரதமர் தாரோ அசோவும் சந்தித்தார்கள். செராடோவில் செய்ததை ஆப்பிரிக்காவின் சவானா புல்வெளியிலும் செய்வோம் என்று முடிவானது. வடக்கு மொசாம்பிக்கில் நகாலா துறைமுகத்தை ஒட்டிய பகுதியைத் தேர்ந்தெடுத்தார்கள். தொடக்கப் பேச்சுகளில் 1 கோடியே 40 லட்சம் ஹெக்டேர் என்ற எண் அடிபட்டது. பணம் உள்ளவர், அனுபவம் உள்ளவர், நிலம் உள்ளவர் என்று மூவரும் மேசைக்கு வந்துவிட்டதாக எல்லோரும் நினைத்தார்கள்.

என் கருத்து இதுதான்: நிலம் உள்ளவர் அந்த மேசைக்கு வரவே இல்லை. அவருடைய அரசாங்கம்தான் வந்தது.

கரிசல்காட்டான் எழுதியது:

நல்ல தொடக்கம். ஆனால் ஓர் அடிப்படைக் கேள்வி. அட்லாண்டிக் கடலுக்கு அந்தப் பக்கம் விளைந்தது ஆப்பிரிக்காவின் கிழக்குக் கரையிலும் விளையும் என்று எதை வைத்து முடிவு செய்தார்கள்? வரைபடத்தில் இரண்டும் ஒரே அட்சரேகையில் இருக்கின்றன என்பதற்காகவா? அப்படியானால் எங்கள் ஊரும் சூடானும் கூட ஒரே கோட்டுப் பக்கம்தான்.

மண்ணியல்மாணவி எழுதியது:

அட்சரேகை அற்பமான காரணம் இல்லை, ஐயா. சோயாவுக்குப் பகல் நீளம் முக்கியம். அது குறும்பகல் தாவரம், பகல் குறுகினால்தான் பூக்கும். பகல் நீளமாக இருக்கும் வடக்கு நாடுகளில் நன்கு வளர்ந்து, பிறகு பூக்கும். அதையே பூமத்திய ரேகைக்குப் பக்கத்தில் கொண்டுவந்து நட்டால் முழங்கால் உயரம்கூட வளராமல் பூத்துவிடும், காய்ப்பு சொற்பம். தாமதமாகப் பூக்கும் ரகங்களை உருவாக்கியது பிரேசில் ஆராய்ச்சியாளர்களின் சாதனை. 1973 இல் தொடங்கிய எம்ப்ராப்பா என்ற அரசு வேளாண் ஆராய்ச்சி நிறுவனத்துக்குப் பேர் வாங்கித் தந்தவற்றில் அது முக்கியமானது. அந்த ரகங்கள் அதே அட்சரேகையில் உள்ள மொசாம்பிக்கில் வளரும் என்று எதிர்பார்ப்பது அறிவியல்படி சரிதான்.

அடுத்தது மண். செராடோ மண்ணில் அமிலம் மிகுதி. கரைந்த அலுமினியம் வேரைக் கருக்கிவிடும். பாஸ்பரஸ் மிகக் குறைவு. ஹெக்டேருக்கு டன் கணக்கில் சுண்ணாம்பு கொட்டி அமிலத்தை முறித்தார்கள். தழைச்சத்துக்கு யூரியா கொட்டாமல், வேர்முடிச்சு பாக்டீரியாவை விதையோடு கலந்து விதைத்தார்கள். யோஹன்னா டோபரைனர் என்ற பெண் விஞ்ஞானி விடாப்பிடியாக நின்று செய்த வேலை அது. இந்தியாவில் பசுமைப் புரட்சி பேசுகிறவர்கள் அவர் பேரைச் சொல்லி நான் கேட்டதே இல்லை.

கோளாறு எங்கே என்றால், நகாலாப் பகுதியின் மண் பல இடங்களில் செராடோவைவிட நல்ல மண். நல்ல மண் என்றால் அங்கே ஏற்கெனவே ஆள் இருப்பார் என்று அர்த்தம். செராடோவிலும் பழங்குடியினர் இருந்தார்கள். அங்கே அவர்களை ஒதுக்கித் தள்ள முடிந்தது. நகாலாப் பகுதியில் உள்ள நம்புலா மாகாணமோ மொசாம்பிக்கிலேயே மக்கள்தொகை மிகுந்த பகுதிகளில் ஒன்று. மழை, வெப்பம், பகல் நீளம் எல்லாவற்றையும் ஒப்பிட்டார்கள். ஆள் கணக்கை மட்டும் ஒப்பிடவில்லை.

நம்புலாவில்இருந்தவன் எழுதியது:

நான் அங்கே ஒரு தானிய ஏற்றுமதிக் கிடங்கில் கணக்கு எழுதியவன். மேலே சகோதரி சொன்னதைக் கண்ணால் பார்த்தவன் என்பதால் கொஞ்சம் எழுதுகிறேன்.

நம்புலாவிலிருந்து நகாலாவுக்குப் போகும் சாலையில் இரண்டு பக்கமும் மொட்டைக் கருங்கல் குன்றுகள் திடீர் திடீரென்று எழுந்து நிற்கும். முதன்முறை பார்ப்பவருக்கு இடையில் உள்ள நிலம் காடு போலத் தெரியும். உள்ளே நடந்து போனால்தான், காடு என்று நினைத்தது மஷாம்பா என்று புரியும். அது குடும்ப நிலம்; ஒரு ஹெக்டேர், இரண்டு ஹெக்டேர். மக்காச்சோளமும் துவரையும் கலந்து நிற்கும். ஓரத்தில் மரவள்ளி, நடுவில் முந்திரி மரம். இந்த ஆண்டு விதைக்காமல் விட்ட துண்டு புதர் மண்டிக் கிடக்கும். அதுவும் அந்தக் குடும்பத்துடையதுதான். மண் ஆறட்டும் என்று விட்டிருக்கிறார்கள். விமானத்திலிருந்து பார்க்கும் நிபுணருக்கு அது "பயன்படாத நிலம்".

சட்டமும் அவர்கள் பக்கம்தான். மொசாம்பிக்கில் நிலம் முழுவதும் அரசுடைமை. யாரும் விற்க முடியாது, அடமானம் வைக்க முடியாது. ஆனால் 1997 ஆம் ஆண்டுச் சட்டப்படி, பத்து ஆண்டு நல்லெண்ணத்தோடு பயிர் செய்தவருக்கும், வழக்கப்படி அனுபவித்துவரும் சமூகத்துக்கும் பயன்பாட்டு உரிமை தானாகவே உண்டு. காகிதம் இல்லாவிட்டாலும் பக்கத்து நிலத்தார் சாட்சி சொன்னால் போதும். பட்டா இல்லாதவன் நாதியற்றவன் என்ற நம் ஊர் வழக்கத்தோடு வளர்ந்த எனக்கு அது பெரிய வியப்பு. முதலீட்டாளர் வந்தால் ஊரைக் கூட்டிக் கலந்து பேச வேண்டும் என்றும் சட்டம் சொல்கிறது. அந்தக் கலந்துபேசுதல் பல இடங்களில் எப்படி நடக்கும் என்றால், மாவட்ட நிர்வாகி நாற்காலியில் உட்கார்ந்திருப்பார், ஊர்த்தலைவர் பக்கத்தில் இருப்பார், மற்றவர்கள் மாமரத்தடியில் தரையில். நிர்வாகிக்கு எதிராக யார் வாய் திறப்பார்?

இன்னொன்றும் சொல்ல வேண்டும். அந்தப் பகுதி முதியவர்களிடம் பருத்தி என்று சொல்லிப் பாருங்கள். போர்த்துகீசியர் காலத்தில் கட்டாயப் பருத்திச் சாகுபடி அங்கே நடந்தது. 1961 வரை நீடித்தது. உணவுப் பயிரை விட்டுவிட்டுப் பருத்தி போடு என்று அடித்துப் போடவைத்தார்கள். தொலைவிலிருந்து வந்த ஒருவர் "இதைப் போடுங்கள், நன்றாக வாழ்வீர்கள்" என்றால் அவர்கள் காதில் வேறு மாதிரிதான் விழும்.

நடுத்தெருநாராயணன் எழுதியது:

எல்லாம் சரி. ஒருவரும் மறுபக்கம் பேசவில்லை என்பதால் நான் பேசுகிறேன். மொசாம்பிக்கில் மக்காச்சோள விளைச்சல் ஹெக்டேருக்கு ஒரு டன்னைத் தொடுவதே பெரும்பாடு. நல்ல விதை இல்லை, உரம் இல்லை, வேளாண் அலுவலர் எட்டிப் பார்ப்பதில்லை. புரோசவானாவில் மூன்று பிரிவுகள் இருந்தன: ஆராய்ச்சி, அதை விவசாயிகளிடம் கொண்டுசேர்க்கும் விரிவாக்கம், பகுதி முழுவதுக்குமான பெருந்திட்டம் (மாஸ்டர் பிளான்). எதிர்ப்பெல்லாம் மூன்றாவதுக்குத்தான். ஆனால் பதரோடு சேர்த்து நெல்லையும் ஆற்றில் விட்டாற்போல முதல் இரண்டும் போயின. மண் ஆய்வுக்கூடமும் விதைச் சோதனையும் யாருக்கு என்ன தீங்கு செய்தன? "எங்கள் நிலம் எங்களுக்கே" என்ற முழக்கம் கேட்க நன்றாக இருக்கிறது. ஒரு டன்னை எட்டாத அந்த விளைச்சல் அப்படியே இருக்கிறது. எதிர்த்து நிறுத்தியவர்கள் அதற்கு என்ன பதில் வைத்திருக்கிறார்கள்?

செம்பரிதி எழுதியது:

நாராயணன் ஐயா, நியாயமான கேள்விதான். ஆனால் பெருந்திட்டத்தைத் தனியாகப் பிரித்துப் பேச முடியாது. 2011 இல் பிரேசில் நாளேடு ஒன்றில், பிரேசிலின் சோயா மாநிலமான மாட்டோ குரோசோவின் பெருவிவசாயிகளுக்கு மொசாம்பிக் நிலம் தரத் தயாராக இருக்கிறது என்ற செய்தி வந்தது. 2012 ஜூலையில் பிரசிலியாவில் நகாலா நிதியம் என்று முதலீட்டாளர்களை அழைத்து ஒரு விழா நடந்தது. அப்போதும் நம்புலா விவசாயிக்குத் திட்டத்தைப் பற்றி யாரும் எதுவும் சொல்லவில்லை. 2013 இல் பெருந்திட்ட வரைவு கசிந்து வெளியான பிறகுதான் உள்ளே என்ன இருக்கிறது என்றே தெரிந்தது. மண் ஆய்வுக்கூடம் நல்லதுதான். அதைத் திறப்பவர் கையில் உங்கள் நிலத்தின் வரைபடமும் இருந்தால் உங்களுக்குச் சந்தேகம் வராதா?

முறையான கலந்தாய்வுக் கூட்டங்கள் மாவட்டங்களில் நடந்தது 2015 இல். ஒப்பந்தம் 2009 இல். நடுவில் ஆறு ஆண்டு. முதலில் முடிவு, பிறகு கலந்தாய்வு. அந்தக் கூட்டங்களிலும் அரசு அலுவலர்களும் ஆளுங்கட்சிக்காரர்களுமே நிறைந்திருந்தார்கள் என்ற புகார் எழுந்தது. 2018 இல் மாபூட்டோ நிர்வாக நீதிமன்றம், திட்டம் பற்றிய தகவல்களை வெளியிட வேண்டும் என்று வழக்கறிஞர் சங்கத்துக்குச் சாதகமாகத் தீர்ப்புச் சொன்னது. தகவலைக் கேட்பதற்கே நீதிமன்றம் போகவேண்டி வந்ததென்றால் அதை எப்படி உரையாடல் என்று சொல்வது?

கடலோடிமகள் எழுதியது:

செம்பரிதி சொன்னதோடு ஒன்றைச் சேர்க்க வேண்டும். இந்தத் திட்டத்தால் மூன்று நாடுகளுக்கு இடையில் உண்மையிலேயே ஓர் உரையாடல் உருவானது. அரசுகள் உருவாக்கியது இல்லை. திட்டத்தை எதிர்த்தவர்கள் உருவாக்கியது.

உனாக் என்பது மொசாம்பிக்கின் தேசிய விவசாயிகள் சங்கம். 1987 இல் தொடங்கியது. 2012 அக்டோபரில் நம்புலாவில் கூடி அது தன் முதல் அறிக்கையை விட்டது. அதன் பிறகு நடந்ததுதான் எனக்குப் பிடித்த பகுதி. மொசாம்பிக் விவசாயிகள் பிரேசிலுக்குப் போய், மாட்டோ குரோசோவில் கண்ணுக்கெட்டிய தூரம் சோயா மட்டுமே நிற்பதைப் பார்த்தார்கள். "இங்கே குடியானவர்கள் எங்கே?" என்பதுதான் அவர்களுக்கு எழுந்த கேள்வி. பிரேசிலின் நிலமற்றோர் இயக்கங்கள் அவர்களுக்குப் பதில் சொன்னன. ஜப்பானில் குடிமக்கள் குழுக்கள், தங்கள் வரிப்பணம் எங்கே போகிறது என்று ஜப்பான் அரசின் உதவி நிறுவனமான ஜைக்காவிடம் கேட்கத் தொடங்கின. 2013 மே மாதம் மூன்று நாட்டுத் தலைவர்களுக்கும் ஒரு திறந்த கடிதம் போனது. அடுத்த மாதம் யோகோஹாமாவில் ஆப்பிரிக்க வளர்ச்சி மாநாடு. அதே ஆண்டு ஆகஸ்டில் மாபூட்டோவில் "மக்களின் முக்கோண மாநாடு" கூடியது. நான்காவது மாநாடு 2018 நவம்பரில் டோக்கியோவிலேயே நடந்தது.

2017 இல் மொசாம்பிக் விவசாயிகள் பதினொரு பேர், ஜைக்காவின் சொந்த விதிமுறைப்படி முறையாக ஆட்சேபம் தாக்கல் செய்தார்கள். நிறுவனம் எழுதிவைத்திருந்த விதியை அதற்கே எடுத்துக்காட்டினார்கள். ஒருவருக்கொருவர் மொழி தெரியாது, பணம் கிடையாது, விசா வாங்கவே அலைய வேண்டும். முத்தரப்பு ஒத்துழைப்பு என்று தூதர்கள் பத்தாண்டு பேசியதைவிட இவர்கள் அதிகம் பேசிவிட்டார்கள்.

பருப்புமண்டி எழுதியது:

விருதுநகரிலிருந்து எழுதுகிறேன். அரசியல் எனக்கு வராது. நீங்கள் பேசும் நம்புலாவின் சரக்கு எங்கள் ஆலையில் உடைபடுகிறது என்பதால் இரண்டு வார்த்தை.

வெளிநாட்டுத் துவரையில் எங்கள் வியாபாரத்தில் பல பேர் உண்டு. பர்மாவிலிருந்து வருவது லெமன். தான்சானியாவிலிருந்து அருஷா, மட்வாரா. மொசாம்பிக்கிலிருந்து வருவது கஜ்ரி, சிவந்த தோல். வெள்ளைத் துவரையும் வரும். தூத்துக்குடியில் கன்டெய்னர் திறந்ததும் ஒரு கை அள்ளிப் பல்லில் கடித்துப் பார்த்தாலே ஈரப்பதம் தெரிந்துவிடும். செம்மண் கட்டி உடைக்கும் நம் நாட்டுத் துவரைக்கு உள்ள மணம் இதற்கு இல்லை, அதை ஒத்துக்கொள்கிறேன். ஆனால் ஹோட்டல் சாம்பாரில் உங்களில் ஒருவரால் கண்டுபிடிக்க முடியாது.

மொசாம்பிக் ஏன் என்றால், அங்கே அறுவடை ஆகஸ்டு, செப்டம்பர் வாக்கில் வந்துவிடும். நம் புதுத் துவரை டிசம்பருக்குப் பிறகுதான். தீபாவளி நேரத்தில் மண்டி காலியாக இருக்கும்போது அவன் சரக்கு வந்து நிற்கிறது. 2015 இல் துவரம் பருப்பு கிலோ 200 ரூபாயைத் தொட்டது எல்லோருக்கும் நினைவிருக்கும். அடுத்த ஆண்டு ஜூலையில் பிரதமர் மாபூட்டோ போய் ஒப்பந்தம் போட்டார். முதல் ஆண்டு 1 லட்சம் டன், படிப்படியாக ஏற்றி 2020-21 இல் 2 லட்சம் டன். பிறகு அதை நீட்டித்தார்கள். எந்தப் பெருந்திட்டமும் இல்லாமல், யாருடைய நிலத்தையும் எடுக்காமல், அந்தச் சிறு விவசாயியின் விளைச்சல் கடல் கடந்து இங்கே வருகிறது. நீங்கள் தேடும் ஒத்துழைப்பு இதுதானே?

நம்புலாவில்இருந்தவன் எழுதியது:

அண்ணாச்சி, பாதிக் கதை சொல்லிவிட்டீர்கள். மறுபாதியை நான் சொல்கிறேன்.

அறுவடைக் காலத்தில் அந்தச் சாலை நெடுகிலும் கொள்முதல் ஆள்கள் உட்கார்ந்திருப்பார்கள். மரக்கிளையில் தராசு தொங்கும். அட்டையில் கரியால் அன்றைய விலை எழுதியிருக்கும். விவசாயி சைக்கிளில் மூட்டையைக் குறுக்கே கட்டித் தள்ளிக்கொண்டு வருவார். சில நேரம் இருபது கிலோமீட்டர். அட்டையில் உள்ள எண் நம்புலாவில் முடிவாவதில்லை. மும்பையிலும் டெல்லியிலும் முடிவாகிறது. துவரையை அங்கே பச்சைக் காயாகக் கொஞ்சம் சாப்பிடுவார்கள், மற்றதெல்லாம் ஏற்றுமதிக்குத்தான். வாங்க ஒரே நாடு.

2016 விலையைப் பார்த்துவிட்டு எல்லோரும் துவரை போட்டார்கள். அந்தப் பருவம் இந்தியாவிலும் பெருவிளைச்சல். 2017 ஆகஸ்டில் டெல்லி, துவரை இறக்குமதிக்கு ஆண்டுக்கு 2 லட்சம் டன் என்று உச்சவரம்பு வைத்தது. மொசாம்பிக் ஒப்பந்த அளவுக்கு விலக்கு உண்டு என்பது உண்மை. ஆனால் இந்தியாவிலேயே விலை தரைக்கு வந்த பிறகு விலக்கு இருந்து என்ன? சாலையோர அட்டையில் எண்ணைப் பார்த்துவிட்டு ஒரு பெரியவர் மூட்டையைத் திரும்பச் சைக்கிளில் கட்டினார். எங்கள் கொள்முதல் ஆளிடம் ஏன் என்று கேட்டார். அவனுக்கும் தெரியாது. "இந்தியா" என்று மட்டும் சொன்னான்.

கரிசல்காட்டான் எழுதியது:

அதே 2017 இல் கர்நாடகத்தின் துவரைப் பகுதியான கலபுரகியிலும் விவசாயி ஆதரவு விலைகூடக் கிடைக்காமல் அழுதார். எங்கள் பக்கத்தில் துவரை போட்டவரும் அழுதார். நம்புலாவில் விலை ஏறினால் இங்கே இறங்க வேண்டும் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். அந்த ஆண்டு இரண்டு இடத்திலும் சேர்ந்தே இறங்கியது. மக்களின் முக்கோண மாநாடு என்று எழுதினீர்களே, அம்மா, நம்புலா துவரைக்காரரும் கலபுரகி துவரைக்காரரும் எங்காவது உட்கார்ந்து பேசியிருக்கிறார்களா?

கடலோடிமகள் எழுதியது:

நான் கேள்விப்பட்டதில்லை, ஐயா. இத்தனைக்கும் இந்த இரண்டு கரைகளுக்கும் உறவு நேற்று ஏற்பட்டது இல்லை. டையூவின் குஜராத்தி வணிகர்கள் பதினேழாம் நூற்றாண்டிலேயே மொசாம்பிக் தீவில் துணி விற்றார்கள். இன்று நம்புலாவில் விதைக்கும் மேம்பட்ட துவரை ரகங்களிலும், ஐதராபாத் பக்கம் பட்டான்செருவில் தலைமையகம் வைத்திருக்கும் இக்ரிசாட் நிறுவனத்தின் கிழக்கு ஆப்பிரிக்க ஆராய்ச்சியின் பங்கு இருக்கிறது. வணிகரும் விஞ்ஞானியும் போய் வருகிறார்கள். விவசாயிகள் மட்டும் போவதில்லை.

நடுத்தெருநாராயணன் எழுதியது:

பேச்சு துவரைக்குப் போய்விட்டது. நான் கேட்ட விளைச்சலுக்கு இன்னும் பதில் இல்லை. ஆகவே நானே ஓர் உதாரணம் தருகிறேன். பெனின், புர்கினா ஃபாசோ, சாட், மாலி நான்கும் பருத்தி நாடுகள். அமெரிக்க மானியத்தால் தங்கள் பருத்தி விலை கெடுகிறது என்று 2003 இல் உலக வர்த்தக அமைப்பில் சேர்ந்து முறையிட்டன. பிரேசிலும் அதே மானியத்தை எதிர்த்து வழக்கு நடத்திக்கொண்டிருந்தது. அந்தப் பழக்கத்தில் பிறகு பிரேசில் மாலியின் தலைநகர் பமாக்கோ அருகே சொத்துபா ஆராய்ச்சி நிலையத்தில் நான்கு நாட்டுக்கும் பருத்தி ஆராய்ச்சிக்கு உதவியது. அதே எம்ப்ராப்பாதான். யாருடைய நிலமும் பேசப்படவில்லை. தெருவில் இறங்கி யாரும் கத்தவில்லை. அதே நாடு, அதே நிறுவனம், அதே பத்தாண்டு.

செம்பரிதி எழுதியது:

அருமையான உதாரணம், ஐயா. அதை என் பக்கத்துக்கே சேர்த்துக்கொள்கிறேன். அங்கே கேட்டவர்கள் யார்? ஏற்கெனவே பருத்தி போட்டுக்கொண்டிருந்தவர்களின் நாடுகள். தங்கள் பயிர், தங்கள் பிரச்சினை, தங்கள் முறையீடு. நம்புலாவில் சோயா வேண்டும் என்று எந்த மஷாம்பாக்காரர் கேட்டார்?

நடுத்தெருநாராயணன் எழுதியது:

துவரை வேண்டும் என்றும்தான் அவர் கேட்கவில்லை. விலை வந்தது, போட்டார். சோயாவுக்கும் விலை வந்திருந்தால் போட்டிருப்பார். இப்போதும் அந்தப் பகுதியில் சிறு விவசாயிகள் கோழித் தீவனத்துக்காகச் சோயா போடுகிறார்கள் என்பதை நம்புலாக்காரர் மறுக்க மாட்டார் என்று நினைக்கிறேன்.

நம்புலாவில்இருந்தவன் எழுதியது:

மறுக்கவில்லை. போடுகிறார்கள். தங்கள் நிலத்தில், அரை ஹெக்டேர், சோளத்துக்குப் பக்கத்தில். விலை விழுந்தால் அடுத்த ஆண்டு வேறு போடலாம். நிலம் அவர்களிடமே இருக்கிறது.

பருப்புமண்டி எழுதியது:

தம்பி, ஒரு சந்தேகம். 2023 கடைசியில் நகாலா துறைமுகத்தில் துவரைக் கன்டெய்னர்கள் மாதக்கணக்கில் கிளம்பாமல் நின்றன. அங்கே ஏற்றுமதியாளர்களுக்குள் சண்டை என்றார்கள். இங்கே விலை ஏறியது. அரசாங்கமே பேச்சு நடத்தியது. அந்த நேரம் அங்கே விவசாயிக்கு என்ன ஆனது என்று யாரும் எழுதவில்லை. உங்களுக்கு அங்கே பழகியவர்கள் இருந்தால் கேட்டுச் சொல்லுங்கள். நான் தூத்துக்குடியில் கப்பல் வந்ததா என்று மட்டும்தான் கேட்டுக்கொண்டிருந்தேன்.

நம்புலாவில்இருந்தவன் எழுதியது:

கேட்கிறேன், அண்ணாச்சி. கொள்முதல் ஆள் ஒருவனின் எண் இன்னும் என்னிடம் இருக்கிறது. அறுவடை நேரத்தில் அவன் எடுக்க மாட்டான். மழை தொடங்கியதும் அழைத்துப் பேசிவிட்டு இங்கேயே எழுதுகிறேன்.